ஆவன்னாக் கோட்டுக்கு மேலே ஒரு நூல்

ராஜதுரைக்கு அப்பா எழுதுவது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நீ சாப்பிட்டாயா இல்லையா என்பது தட்டு கழுவுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஐந்து மாதமாக நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடைக்கு வருகிறாய், ரிப்பேருக்கு வந்த ரேடியோவைத் திறக்கிறாய், மூடுகிறாய். என்னிடம் சொல்ல வேண்டியதை எதிரே நிற்கிற வாடிக்கையாளரிடம் சொல்கிறாய், நான் அதைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ மெட்ராஸுக்கு ரயிலேறுவதும், நீ செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கூடக் கொண்டுபோவதும், அங்கே ரெக்கார்டு கேட்கிற பைத்தியங்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் அவற்றை வைக்கப்போவதும், பிறகு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரப்போவதும் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெத்த பிள்ளைகிட்ட பேச வாய் இருக்கு, எதுக்குப் பேப்பரு?" என்று அவள் கேட்டாள். வாயால் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய். காகிதத்தை விட்டும் எழுந்து போகலாம். ஆனால் அது உன் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். அந்த டாக்டர் வீட்டு மாடிக்கு முதல் தடவை உன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாயே, அன்றைக்கு நீ செய்தது ஒன்றுகூட சரியில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே ரெக்கார்டு கேட்கக் கூடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் பாட்டுக்கு வருகிறவர்கள், மீதிப் பேர் டாக்டரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்காக வருகிறவர்கள். டாக்டரிடம் இருப்பது கப்பல் செட்டு, வெளிநாட்டுச் சாமான். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தை போதும். கப்பலிலிருந்து இறங்கியது என்றால் சோப்புக் கட்டியைக்கூட மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிற ஊர் இது. புதுத் துறைமுகம் திறந்த பிறகு அந்த மோப்பம் இன்னும் கூடிப்போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில், கப்பலில் வந்த இயந்திரத்தைச் சுற்றியிருந்த பெட்டிப் பலகையைப் பிரித்து, அதில் ஸ்பீக்கர் பெட்டி செய்து, உள்ளே இலவம் பஞ்சு திணித்து, முகத்துக்குக் கதர்த் துணி ஒட்டிக் கொண்டுபோனாய். கப்பல் சாமானில் வேண்டாம் என்று கழித்துப் போட்ட பலகை அது. அதை நீயே அவர்களிடம் பெருமையாகச் சொன்னாய்!

டாக்டர் உன்னை எப்படி அறிமுகம் செய்தார் என்பது நினைவிருக்கிறதா? நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன், எனக்கு நினைவிருக்கிறது. "இவன் நம்ம மைக்செட் அண்ணாச்சி பையன். ஏதோ டப்பா செஞ்சு கொண்டுவந்திருக்கான். டீக்கு அப்புறம் கேட்டுப் பார்ப்போம்." அந்த ஒரு பேச்சிலேயே உன் பெட்டியைக் கேட்டு முடித்துவிட்டார்கள். டீக்கு அப்புறம் என்றால், பாதிப் பேர் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிற நேரம். நீ சரி என்று தலையாட்டினாய். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலையைக் காட்டினார்கள், அதற்கும் தலையாட்டினாய். மூலையில் வைத்தால் எந்தப் பெட்டியும் பானைக்குள் பேசுகிறவன் மாதிரித்தான் பேசும், உனக்குத் தெரியாததா? அப்புறம் இசைத்தட்டைப் போடாமல் கால் மணி நேரம் பேசினாய். எத்தனை கன அடி, கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினாய், பஞ்சு எவ்வளவு. கேட்க வந்தவன் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறான், நீ அந்தக் காதில் கணக்கைக் கொட்டினாய். கடைசியில் போட்ட தட்டாவது அவர்களுக்குத் தெரிந்த தட்டா? நீ இரண்டு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிற அந்தத் தவில் தட்டு. அவர்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. கேட்காத தட்டில் எது தவிலின் குணம், எது பெட்டியின் குணம் என்று எவனுக்குத் தெரியும்? மெட்ராஸில் அவர்கள் கையில் கொண்டுவருகிற தட்டையே வாங்கிப் போடு. அவனவனுக்கு மனப்பாடமான பாட்டில்தான் அவனவன் காது நியாயம் பேசும். அதோடு, பாட்டு ஓடும்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மார்க்குக்குக் காத்திருக்கிற மாணவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்க்காதே. பின்னால் போய் உட்கார். கையைக் கட்டிக்கொள்.

சாகுபுரத்திலிருந்து வருகிற எஞ்சினியர் ஒருவர்தான் அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவரும் எழும்போது, "நல்ல முயற்சி தம்பி" என்று உன் தோளில் தட்டினார். வீடு வரும்வரை அதையே நீ சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாய். ஏலே, சாமான் விற்றுப் பிழைக்கிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். முயற்சியைப் பாராட்டுகிறவன் சாமானைப் பார்க்கவில்லை. குறை சொல்கிறவனை உட்கார வை, அவன்தான் கேட்டிருக்கிறான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உனக்குத் தோன்றலாம். சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எனக்கு அப்போது உன் வயதுகூட இல்லை. வடக்குத் தெருக்காரர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், தெற்குத் தெருக்காரர்கள் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். சைக்கிளில் பேட்டரி கட்டிக்கொண்டு போன காலம் அது. என் ஆம்ப்ளிஃபயர் புதுசு, ஸ்பீக்கர் குழாய் இரண்டும் புதுசு, பாட்டு எழுத்து எழுத்தாகக் கேட்கும். அவன் குழாய் நசுங்கிக் கிடந்தது. ஆனால் அவன் சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பிவைத்தான். கரகரவென்று, யார் பாடுகிறார்கள் என்றே தெரியாமல், பனங்காட்டைத் தாண்டிக் கேட்டது. என் தெருக்காரர்களே என்னிடம் வந்து, "என்னலே செட்டு கொண்டாந்திருக்க, சீக்குக் கோழி மாதிரி கேறுது? அங்கன பாரு, அவன் செட்டு எப்படிப் பேசுதுன்னு" என்றார்கள். அடுத்த வருஷம் அவனைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் படித்தது இதுதான்: சத்தம் கொஞ்சம் கூட இருந்தால் மனிதர்கள் அதைச் சத்தம் என்று சொல்லமாட்டார்கள், நல்லா இருக்கு என்பார்கள். குடித்தவனும் அப்படித்தான் சொல்வான், காலேஜ் படித்தவனும் அப்படித்தான் சொல்வான். அதற்குப் பிறகு எந்தக் கொடையிலும் நான் தோற்றதில்லை. ஆலந்தலைக் கோயில் திருவிழாவிலிருந்து கட்சிக் கூட்டம்வரை அந்தத் திருகுதான் நமக்குச் சோறு போட்டது. உன் காலேஜ் பீஸும் அதிலிருந்துதான் வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. திறந்த வெளியில் நிற்கிற கூட்டத்துக்கு அது தொழில்.

அந்தச் சந்தோஷமும் வடிந்து நீ முகம் தொங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் டாக்டரிடம் போனேன். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பந்தலுக்கு மைக்செட் வேண்டும் என்று கம்பவுண்டரைக் கடைக்கு அனுப்பியிருந்தார். நானே மாடி ஏறினேன். "கல்யாணத்துக்கு நான் கட்டித் தாரேன் டாக்டர், நல்லாவே கட்டித் தாரேன். அதுக்கு முந்தி ஒரு காரியம். உங்க செட்டையும் என் பையன் பெட்டியையும் ஒரு திரைக்குப் பின்னால வைங்க. எது எதுன்னு தெரியாம கேளுங்க. சீட்டுல எழுதுங்க" என்றேன். அவர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்குற மாதிரி திரையெல்லாம்?" என்றார். "பொண்ணு பாக்கப் போனா முகத்தைப் பாக்கலாம் டாக்டர். இங்க முகத்தைப் பாத்துத்தான் கெட்டுப்போச்சு" என்றேன். ஒத்துக்கொண்டார். உனக்கு இது தெரிந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னைத் தொட்டதில்லை.

திரை கட்டிய அன்றைக்கு எல்லாம் முறையாகவே நடந்தது, என் கை ஒன்றைத் தவிர. எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடிக்காமல் ஒற்றையாகக் கட்டினோம், சத்தம் தடைபடக் கூடாது என்று. டாக்டர் செட்டு அனா, உன் பெட்டி ஆவன்னா; கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. எஞ்சினியர் தன் மீட்டரைக் கொண்டுவந்து, இரண்டும் ஒரே அளவு சத்தம் தருகிற இடத்தைப் பிடித்து, திருகுக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். அனாவுக்கு மாற்றும்போது திருகு அனாக் கோட்டில், ஆவன்னாவுக்கு மாற்றும்போது ஆவன்னாக் கோட்டில். திரைக்குப் பின்னால் யார் நிற்பது என்று கேட்டபோது, "எங்க அப்பா நிக்கட்டும், கை நடுங்காது" என்று சொன்னது நீதான். என் கை நடுங்கவில்லை. ஒவ்வொரு தடவை உன் பெட்டிக்கு மாற்றும்போதும் ஆவன்னாக் கோட்டுக்கு மேலே ஒரு நூல் தாண்டி வைத்தேன். ஒரு நூல்தான். சத்தம் கூடிவிட்டது என்று யாருக்கும் தெரியாது, கொஞ்சம் தெளிவாக இருக்கிற மாதிரித்தான் தெரியும். சீட்டுகளைப் பிரித்தபோது மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆவன்னா. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எஞ்சினியர் கை தட்டினார். உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை வேட்டி விளிம்பு வழியாகப் பார்த்தேன்.

அந்த வெளிச்சம் ஐந்து நிமிஷம் நின்றது. நீ திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய், என்னிடம்தான் வருகிறாய் என்று நினைத்தேன். திருகிடம் போனாய். கடைசித் தட்டு ஆவன்னாவில் முடிந்திருந்தது, நான் திருகைக் கீழே இறக்கவில்லை. குனிந்து கோட்டைப் பார்த்தாய். "அப்பா, கைய எங்க வச்சீங்க?" என்று கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். ஆனால் அதோடு நின்றாயா? திரையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இந்த ஓட்டு செல்லாது. எங்க அப்பா சத்தத்தைக் கூட்டி வச்சிருக்காங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அப்புறம் சிரிப்பு. "மைக்செட்காரன் புத்தி எங்க போகும்?" என்று எவனோ சொன்னான், டாக்டர் அவனை அதட்டவில்லை. "அப்போ சரியா வச்சு மறுபடி கேளுங்க" என்று நீ கெஞ்சினாய். எஞ்சினியர் மீட்டரைக் கையில் எடுத்தார். "போதும் தம்பி, டீ ஆறுது" என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு மைக்செட் கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பெட்டிகளை நீ ஒன்றும் நான் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். இரண்டு கையும் பெட்டியில் இருந்ததால்தான் அன்று நான் உன்னை அடிக்கவில்லை.

இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். ஜெயித்த சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருக்கலாம். சொந்த அப்பனைக் கூட்டத்தில் காட்டிக்கொடுத்தாய். உன் யோக்கியத்தை அங்கே நிரூபிக்க என் மானத்தைச் செலவு செய்தாய். இதை நான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கடைக்கு வருகிறவர்களிடம் "கை தவறிப்போச்சு" என்றும், உன் அம்மாவிடம் "அவனுக்காகத்தானளா செஞ்சேன்" என்றும். ஒரு நாள் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பெட்டி முன்னால ஒரு நாளாவது உக்காந்து பாட்டு கேட்டிருக்கியளா?"

அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. கடைக்குப் பின்னால் குடோனில் இரண்டு வருஷம் நீ அறுத்தாய், ஒட்டினாய், பிரித்தாய், மறுபடி ஒட்டினாய். நான் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் பலகை வீணாகிறது என்றோ, வழியில் கிடக்கிறது என்றோதான் சொன்னேன். நல்ல சாமானுக்கு ஒரு வியாபாரி திருகைத் தொடமாட்டான். தன் சாமான் தேறாது என்று தெரிந்தவன்தான் தொடுவான். டாக்டர் உன் பெட்டியைக் கேட்காமலே டப்பா என்றார், வாய்விட்டுச் சொன்னார். நானும் கேட்காமலே அதைத்தான் நினைத்தேன். வாயால் சொல்லாமல் விரலால் சொன்னேன். நீ அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தபோது உனக்குப் புரிந்தது அதுதான். களவு செய்ததற்காக இல்லை, அதற்காகத்தான் நீ என்னோடு பேசவில்லை என்பது இவ்வளவு நாள் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது.

போன வாரம் நீ அந்தக் கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்கு மதுரை போயிருந்த இரண்டு நாளில், உன்னிடம் கேட்காமல் பெட்டிகளை எடுத்தேன். அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொள். ரிக்ஷாவில் வைத்து டாக்டர் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எந்தக் கையால திருகப்போறீங்க?" என்றார். "ரெண்டு கையையும் நீங்களே பிடிச்சுக்கோங்க டாக்டர்" என்றேன். சாகுபுரம் எஞ்சினியரை வரச்சொல்லியிருந்தேன். அவருக்கு அன்றைக்கே மறுபடி கேட்கவேண்டும் என்று இருந்ததாம், டாக்டர் வீட்டில் வாய் திறக்கவில்லை. அவரே மீட்டர் வைத்தார், அவரே கோடு போட்டார், எது அனா எது ஆவன்னா என்பதைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு அவரே திரைக்குப் பின்னால் நின்றார். டாக்டரும் நானும் இரண்டு நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூன்று தட்டு. டாக்டருக்கு மனப்பாடமான ஒரு பெண் குரல், ஒரு வீணை, கடைசியாக உன் தவில். ஆளுக்கு ஒரு சீட்டு.

டாக்டர் சீட்டைத்தான் முதலில் பிரித்தார் எஞ்சினியர். மூன்றுக்கும் ஆவன்னா. டாக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியாதா என் செட்டு?" என்றார். "ஆவன்னா பையனோடது டாக்டர்" என்றார் எஞ்சினியர். டாக்டர் காலைக் கீழே இறக்கினார். அப்புறம் என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். "ஊருக்குச் சொல்லமாட்டேன் டாக்டர். மகனுக்கு எழுதுவேன்" என்றேன்.

அவர் ஓட்டை நீ மார்பில் குத்திக்கொண்டு மெட்ராஸில் திரியாதே. அவர் காது அவ்வளவுதான். அங்கே யார் மகன் என்று கேட்பார்கள்; மைக்செட்காரன் மகன் என்று நீயே முந்திச் சொல்லிவிடு. அடுத்தவன் சொன்னால்தான் அது வசவு. திரை கட்டச் சொல், மீட்டர் கேள், தயங்குகிறவனிடம் சண்டை போடு. திருகுக்குப் பக்கத்தில் உன்னைப் பிடிக்காதவன் ஒருவனை நிறுத்து.

என் சீட்டில் என்ன இருந்தது என்று கேட்பாய். வீணைக்கும் தவிலுக்கும் உன் பெட்டியை எழுதியிருந்தேன். பெண் குரலுக்கு டாக்டர் செட்டை எழுதினேன், எது எது என்று தெரியாமலே. உன் பெட்டியில் அந்த அம்மாள் 'ச' சொல்லும்போதெல்லாம் கடுகு தாளிக்கிறது. 'சரணம்' என்று நான்கு இடத்தில் வருகிறது, நான்கிலும் தாளிக்கிறது. எஞ்சினியரை அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லி ஆறு தடவை கேட்டேன். நீ இரண்டு வருஷமாகத் தவிலையே கேட்டுக்கொண்டிருந்ததால் உனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. தவிலில் 'ச' இல்லை. மெட்ராஸில் எவனாவது ஒருவன் பெண் குரல் தட்டோடு வருவான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ குடோனுக்குப் போ. எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியாது.

வேறு குறை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

அப்பா